அந்த மோட்டார் சத்தம்

அருளுக்கு,

பெற்ற நாளிலிருந்து உன்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடேயே வளர்த்த உன் அம்மா எழுதுகிறேன். அடுத்த அறையில் படுத்திருக்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேரில் கேட்டால் நீ சிரித்துவிடுவாய். "அம்மா, உன் ஆபீஸ் வேலைய வீட்ல ஆரம்பிச்சிட்டியா?" என்பாய். உன் அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. நேரில் கேட்டால் நான் உன் முகத்தைப் பார்ப்பேன். எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் பார்த்து எது பொய் என்று சொல்வதற்குத்தான் இத்தனை காலம் சம்பளம் வாங்கினேன். உன் முகத்தை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதி உன் தலையணை மேல் வைத்துவிட்டு சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகிறேன். நான் திரும்பி வருவதற்குள் படித்துவிடு.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் விமானம் விழுந்ததே, அது தானாக விழுந்ததா, நீ விழ வைத்தாயா? இவ்வளவுதான் என் கேள்வி. கோபப்படாதே. கோபப்பட்டாலும் கடிதத்தைக் கசக்கிப் போடாமல் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

என் புத்தி உனக்குத் தெரியாததில்லை. தி. நகர் புடவைக் கடையில் "சாயம் போகவே போகாது மேடம்" என்று சத்தியம் செய்தால், கைக்குட்டையை நனைத்து முந்தானை ஓரத்தில் தேய்த்துப் பார்க்கிறவள் நான். மீன்காரம்மா தானாகவே செவுளைத் தூக்கிக் காட்டினால், அவள் காட்டாத மீனின் செவுளை நான் தூக்குவேன். நீ சின்ன வகுப்பில் படிக்கும்போது பேச்சுப் போட்டியில் பரிசு என்று ஒரு டிபன் பாக்ஸைக் கொண்டுவந்தாய். அதில் பெயர் இல்லை, பள்ளிக்கூடத்து முத்திரை இல்லை. உன்னைக் கையோடு அழைத்துக்கொண்டு போய், இது இவனுக்குக் கொடுத்ததுதானா என்று சிஸ்டரிடம் விசாரித்தேன். சிஸ்டர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. வீடு வரைக்கும் என் கையைப் பிடிக்காமல் தள்ளியே நடந்து வந்தாய். உன் அப்பா அன்றைக்கு என்னோடு பேசவே இல்லை. அதற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. விசாரித்தேன், உண்மை என்று தெரிந்தது, அந்த டிபன் பாக்ஸை அலமாரியில் முன்னால் வைத்தேன். விசாரிக்காமல் வைத்திருந்தால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் உறுத்திக்கொண்டே இருந்திருக்கும்.

என் வேலை அப்படி. இன்ஷூரன்ஸ் ஆபீசில் மோட்டார் கிளெய்ம் மேஜை. அடிபட்ட வண்டிகளின் போட்டோக்கள் ஒரு பக்கம், அடித்த கதைகள் ஒரு பக்கம். நான் கதையைப் படிப்பதற்கு முன்னால் போட்டோவைப் பார்ப்பேன். வெள்ளம் வந்த வருஷம் கோட்டூர்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். ஆற்றோரத்து வீடு, கார் முழுக்க முழுகிவிட்டது. அழுதார். நிஜக் கண்ணீர். ஏமாற்றுகிறவனுக்குக் கண்ணீர் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே, நன்றாக வரும். போட்டோவில் எனக்கு ஒன்று இடித்தது. காருக்குள் இருந்த பாட்டுப் பெட்டி அந்தக் காருக்குச் சம்பந்தமே இல்லாத பழைய பெட்டி. சக்கரத்தைப் பார்த்தால் டயர்கள் வழுக்கை. தண்ணீர் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் மனிதர் காரை மேட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகவில்லை. நல்லதையெல்லாம் கழற்றி மாடியில் பத்திரப்படுத்திவிட்டு, பழசுகளை மாட்டிவிட்டு, காரைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டார். நான் கேட்டதும் மறுக்கக்கூட இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் பண்றதுதான மேடம், இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். வேண்டுமென்றே ஒரு பொருளை நாசம் செய்கிறவன் முதலில் அதிலிருக்கிற நல்ல பாகத்தைக் கழற்றி வைத்துக்கொள்வான். இது என் மேஜையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

நீ நல்ல வேலையை விட்டுவிட்டு விமானம் செய்யப் போகிறேன் என்று வந்து நின்றபோது, யாரோ உன்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சாப்பாட்டு மேஜை முழுக்க தெர்மகோல் மாதிரி வெள்ளை அட்டைகள், பசை, ஒயர், குட்டிக் குட்டி மோட்டார்கள். குழம்புக் கிண்ணம் வைக்க இடமில்லை. "இது சும்மா ட்ரோன் இல்லம்மா, இறக்கை வச்ச விமானம். இறக்கையை மடிச்சு ஸ்கூல் பையில போட்டுக்கிட்டு எலக்ட்ரிக் ட்ரெயின்ல ஏறிடலாம். ஏரியில போய் விரிச்சா பறக்கும்" என்று நீ சொன்னபோது உன் அப்பாவின் வாயைப் பார்க்க வேண்டும், மூடவே இல்லை. அதன் பிறகுதான் அந்த வசூல் விஷயத்தைச் சொன்னாய். இதே பைத்தியம் பிடித்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்களாம், ஒரு குரூப் இருக்கிறதாம், ஆளாளுக்குக் கொஞ்சம் பணம் போடுவார்களாம், அதை வைத்து நீ ஒரு மாதிரி விமானம் செய்து பறக்கவிட்டுப் பார்ப்பாயாம். சரியாக வந்ததும் பணம் போட்ட எல்லோருக்கும் ஒரு விமானத்துக்கான பாகங்கள். முக்கியமாக, அதன் வரைபடம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்கிற மாதிரி பொதுவில் போடப்படும். இதுதான் நீ எழுதிக் கொடுத்த வாக்கு. "மாதா கோயில் திருவிழா வசூலே யார் பையில போகுதுன்னு தெரியல, ஆகாசத்துல பறக்கறதுக்கு வசூலா?" என்று நான் கேட்டேன். அப்பா முதல் ஆளாகத் தன் பென்ஷனிலிருந்து போட்டார். பள்ளிக்கூட வாத்தியார், யார் எதைக் கேட்டாலும் கொடுப்பார், அவரை விடு.

அப்பாவின் போனில்தான் நான் அந்தக் குரூப்பை வாசிப்பேன். ஒளிந்து வாசித்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள். இவர்களுக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பேங்க் கிளார்க், வேலை முடிந்து வந்து உனக்காக இறக்கைக் கணக்குப் போட்டு அனுப்புகிறார். சேலத்தில் ஒரு காலேஜ் பெண், நீ கிறுக்கியதையெல்லாம் சுத்தமாக வரைந்து கொடுக்கிறாள். ராயப்பேட்டையில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிற காசிம் பாய், இறக்கை மடிகிற இடத்தில் பூட்டு சரியாக விழவில்லை என்று நீ தவித்தபோது, கடையில் திரைக்கம்பிக்குப் போடுகிற பூட்டைச் சின்னதாக்கி எடுத்துக்கொண்டு வந்தார். அதுதான் இன்றைக்கும் உன் விமானத்தில் இருக்கிறது. திரைச்சீலை விற்கிறவருக்கு எதற்கு விமானம் என்று எனக்கு உறுத்தல். திரை வாங்குகிற மாதிரி அவர் கடைக்கே போனேன். மனிதர் வாயைத் திறந்தால் மூடமாட்டார், தான் விட்ட விமானம் இதுவரை தரையில் மோதியதே இல்லை என்று ஒரு பெரிய பீற்றல். ஆனால் விலையில் என்னை ஏமாற்றவில்லை. ஹாலில் தொங்குகிற திரை அவர் கொடுத்ததுதான். சாயம் போகவில்லை, பார்த்துவிட்டேன்.

இப்படி நான் எல்லோரையும் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, ஒவ்வொருவராக விட்டுக்கொடுத்துக்கொண்டு வந்த நேரத்தில்தான் அந்தக் கம்பெனிக்காரர் வந்தார். தி. நகர் ஓட்டலுக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாய், அம்மா பார்த்தால் சந்தேகம் தீரும் என்று. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. காபி வந்தது, தொடவே இல்லை. வயல்களை மேலிருந்து படம் பிடிக்க உன் விமானம்தான் வேண்டும், மடிகிற இறக்கை வேறு யாரிடமும் இல்லை, வேலையும் தருகிறோம், பங்கும் தருகிறோம் என்றார். நானே கொஞ்சம் இளகிவிட்டேன், பொய் சொல்வானேன். கல்யாணம் வைத்திருக்கிற பிள்ளைக்கு ஒரு வேலை என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். கடைசியில் அவர் சொன்னார், "டிசைன் வெளிய எங்கயும் இருக்கக்கூடாது சார். அந்த பழைய குரூப்பை மட்டும் க்ளீனா முடிச்சிட்டு வந்துடுங்க." நீ உடனே, "அத நான் பாத்துக்கறேன்" என்றாய். எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "காசைத் திருப்பிக் குடுத்துட்டா முடிஞ்சுதும்மா. யாருக்கும் நஷ்டம் இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். எனக்குக் கோட்டூர்புரத்துக்காரர் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன், என்னடா இது, பெற்ற பிள்ளையைப் போய் அந்த ஆளோடு சேர்க்கிறோமே என்று.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை விமானம் விழுந்துவிட்டது. அன்றைக்குத்தான் கோயிலில் உன் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கலாம் என்று சாமியார் வாசிக்கும்போது ஷீபாவும் அவள் வீட்டாரும் எங்கள் பக்கத்து வரிசையில் இருந்தார்கள். நீ இல்லை. "எங்க ஆன்ட்டி அருள்?" என்று அந்தப் பெண் கேட்டாள். உனக்கு வயிறு சரியில்லை என்று நான் சொன்னேன், கோயிலுக்குள் நின்றுகொண்டு. நீ விடிந்ததும் விமானப் பையோடு ஊருக்கு வெளியே அந்தக் காய்ந்த ஏரிக்குப் போயிருந்தாய், தனியாக. எப்போதும் கும்பலாகப் போகிறவன் அன்றைக்குக் காசிம் பாயைக்கூடக் கூப்பிடவில்லை. சாட்சி இல்லாத விபத்து என்று எங்கள் ஆபீசில் ஒரு தனிக் கட்டு இருக்கும், அதை என்னிடம்தான் தள்ளுவார்கள்.

மத்தியானம் நீ அந்த வீடியோவைக் குரூப்பில் போட்டாய். போனைக் கல்லின் மேல் சாய்த்து வைத்து எடுத்த வீடியோ. விமானம் ஏறுகிறது, திரும்புகிறது, மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு விழுகிறது. கீழே நீ எழுதியிருந்தாய், வடிவமைப்பிலேயே கோளாறு, இதற்கு மேல் கொண்டுபோக முடியாது என்று தோன்றுகிறது, வருகிற ஞாயிறு ஏரியில் கூடி எல்லோரிடமும் பேசிவிட்டு முடிவு சொல்கிறேன் என்று. அப்பா போனை என்னிடம் நீட்டி, "பாவம்டி புள்ள" என்றார். நான் வீடியோவைப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்து மறுபடி பார்த்தேன். அருள், அது உன் பழைய மோட்டார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போதெல்லாம் நீ எனக்கு எதிரில் வைத்து ஓட்டிய மோட்டார். வேப்பமரத்தில் இடித்துத் தண்டு வளைந்து, புஷ் தேய்ந்த மிக்சி மாதிரி இழுத்து இழுத்துக் கத்துமே, அது. அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பேப்பர் படித்ததெல்லாம் அந்தச் சத்தத்துக்காகத்தான். குரூப் பணத்தில் வாங்கிய சிவப்பு வளையம் போட்ட புது மோட்டார் பக்கத்தில் நின்றால்கூட முணுமுணு என்றுதான் கேட்கும். நல்லதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழசை மாட்டி அனுப்பினாயோ? எனக்கு உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போய் சும்மா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

வீடியோவைப் பார்த்ததும் அந்த ஆட்கள் காசைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், மனுஷப் புத்தி அதுதானே. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. திருநெல்வேலிக்காரர் எழுதுகிறார், "காசு கெடக்கட்டும் தம்பி, ரெக்கை ஒடிஞ்சுதா, முழுசா இருக்கா? அத மொதல்ல சொல்லுங்க." சேலத்துப் பெண், "விழாத விமானம் கடைல கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் இருக்கும் அண்ணா, விடுங்க" என்கிறாள். விமானம் விழுந்தவனுக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு பாகம் அனுப்புவது இவர்களுக்குள் ஒரு வழக்கமாம். ஒருவர் வால் பகுதி அனுப்புகிறேன் என்கிறார், ஒருவர் பேட்டரி. சிலர் மறுபடியும் பணம் போட்டார்கள், அதில் உன் அப்பாவும் ஒருவர். நீ பக்கத்திலேயே உட்கார்ந்து இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தாய். விமானம் போன துக்கத்தில் இருக்கிறவனுக்கு ஆறுதல் சொன்னால் அழுகை வரும், இல்லை கொஞ்சம் தெம்பு வரும். உனக்குக் கோபம் வந்தது. "இவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாய். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று சாயங்காலம் நீ ஷீபா வீட்டுக்குப் போயிருந்தபோது காசிம் பாய் வந்தார். வியர்த்து விறுவிறுத்து மாடியேறி வந்து, "இன்னாமா, தம்பி கீறாரா?" என்றார். இல்லை என்றேன். "பரவால்ல, உன்கிட்டயே குடுத்துட்டுப் போறேன். வீடியோ பாத்ததுலேர்ந்து மனசே கேக்கலமா. கடைய மச்சான் தலையில கட்டிட்டு ஓடியாந்துட்டேன்" என்று ஒரு துணிப்பையிலிருந்து மோட்டாரை எடுத்து மேஜையில் வைத்தார். தன் விமானத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருக்கிறார். அப்போ உங்க விமானம் என்று கேட்டால், "அது சும்மா கெடக்கட்டும். பசிக்குதுன்னு அழவா போவுது? மொதல்ல நம்பளுது மேல ஏறணும்" என்கிறார். எவ்வளவு தரணும் பாய் என்று கேட்டுவிட்டேன், பழக்க தோஷம். முகம் சுருங்கிவிட்டது. "காசு வாங்கறதுக்கா இந்த வெயில்ல வந்தேன்? ஒரு காபி போட்டுக் குடு, சக்கர தூக்கலா" என்றார்.

காபி கொடுத்துவிட்டு என் வேலையைக் காட்டினேன். "பாய், அந்த வீடியோல உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்றேன். "தோணறதுக்கு இன்னா கீது? வடிவத்துல ஒரு கோளாறும் இல்ல. மோட்டார் பூடுச்சு. சத்தத்தக் கேட்டியா நீ? புது மோட்டாரு அப்டி கத்தாதும்மா. எவனோ கடைக்காரன் பழச வாங்கி, வளையத்த மாட்டி, புதுசுன்னு தம்பிகிட்ட தள்ளிட்டான். பாவம், அதுக்கு சூதுவாது தெரியாது. அந்தக் கடைக்காரன் மட்டும் என் கையில மாட்டட்டும்" என்று மேஜையைத் தட்டினார். "ஒருவேள அருளே பழைய மோட்டார மாட்டியிருந்தா?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாமா பேசற நீ! நம்ம தம்பியா? ஒரு ஸ்க்ரூ மாத்தினாலே குரூப்புல போட்டோ போட்டுட்டு நிக்கற ஆளு அவரு. பெத்த புள்ளையவே இப்டி கேப்பியா நீ? நல்லா கேட்ட போ" என்று காபியைக் குடித்துவிட்டு, எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதே சத்தத்தைத்தான் அவரும் கேட்டார், நானும் கேட்டேன். அவர் முகம் தெரியாத ஒரு கடைக்காரனைச் சந்தேகப்பட்டார். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். யாருக்கு உன்னை நன்றாகத் தெரியும் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் போனதும் உன் அறைக்குப் போனேன். உன் பீரோ சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், நீ மறைக்கிறதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். சாவியை எடுத்துக்கொண்டு பீரோ முன்னால் நின்றேன். சிவப்பு வளையம் போட்ட மோட்டார் உள்ளே இருக்கிறதா, இல்லையா. திறந்தால் தெரிந்துவிடும். ஊரில் ஒரு பொருளைத் திறந்து பார்க்காமல் விட்டதில்லை நான். திறக்கவில்லைடா. கை வரவில்லை. இருந்துவிட்டால் என்ன செய்வேன்? சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து உன் அப்பாவுக்குத் தோசை வார்த்தேன். என்ன ஒரு மாதிரி இருக்கே என்று கேட்டார், தலைவலி என்றேன். அவரிடம் எதையும் சொல்லவில்லை. குரூப்பிலும் யாரிடமும் சொல்லப் போவதில்லை. வருகிற ஞாயிறு ஓலையை இரண்டாம் தடவை வாசிப்பார்கள். அப்போதும் வாயைத் திறக்க மாட்டேன், பயப்படாதே.

உனக்குப் பணத்தாசை என்று நான் நினைக்கவில்லை. ஷீபா வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டபோது உன் அப்பா பெருமையாக "விமானம் செய்றான்" என்று சொன்னதும், அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதும், உன் காது சிவந்ததும் எனக்குத் தெரியும். ஒரு கம்பெனி பெயரைச் சொல்லிக்கொண்டு மணமேடையில் நிற்க ஆசைப்பட்டிருப்பாய். ஆசைப்படு, தப்பே இல்லை. ஆனால் அந்த ஆட்களிடம் போய், இப்படி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கலாமே. தன் விமானத்தின் மோட்டாரைக் கழற்றிக் கொடுக்கிறவர் அதற்கு மட்டும் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? சொல்லியிருந்தாலும் அது அவர் உரிமை. இறக்கைக் கணக்கு ஒருவருடையது, வரைபடம் ஒருத்தியுடையது, பூட்டு பாயுடையது. காசைத் திருப்பிக் கொடுக்கலாம், இதையெல்லாம் எப்படித் திருப்பிக் கொடுப்பாய்? நஷ்டம் இல்லை என்றாயே, பாய் இனிமேல் ஒரு பையன் வந்து விமானம் செய்கிறேன் என்று நின்றால் மோட்டாரைக் கழற்றுவாரா? முதலில் என்னை மாதிரி யோசிப்பார். ஊரில் என்னை மாதிரி ஆட்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறோம். இந்தப் புத்தியோடு வாழ்வது ஒன்றும் சுகமில்லை, சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு ஷீபா உன் முகத்தை நான் பார்க்கிற மாதிரி பார்க்க ஆரம்பித்தால் வீடு ஆபீசாகிவிடும்.

விழ வைத்தது நீதான் என்றால், இன்னும் ஒன்றும் கைமீறிப் போகவில்லை. முடிவை நீ இன்னும் சொல்லவில்லை. கம்பெனியில் கையெழுத்துப் போடத் திங்கட்கிழமைதான் போகிறாய். பாயின் மோட்டாரைத் துணிப்பையோடு உன் மேஜையில் வைத்திருக்கிறேன். ராயப்பேட்டைக்குப் போய் அவர் கையில் கொடுத்து, நடந்ததை உன் வாயாலேயே சொல். அவர் கத்துவார், கத்தட்டும். கூட வா என்று ஒரு வார்த்தை சொன்னால் நானும் வந்து உன் பக்கத்தில் நின்று சேர்ந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். பெற்றவளுக்கு அதில் என்ன வெட்கம்.

அப்படி இல்லையென்றால், என்னிடம் வந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே. நீ என்ன சொன்னாலும் நான் நோண்டுவேன், உனக்கே தெரியும். முதல் பூசை முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நானும் ஏரிக்கு வருகிறேன். இதுவரை ஒரு நாளும் வந்ததில்லை. இந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசி, அப்பா கேட்கட்டும், பாய் கேட்கட்டும், ஷீபாவையும் வரச் சொல். தாய் என்று வாய்த்தவள் எப்படிப்பட்ட புத்தி உள்ளவள் என்று எல்லோரும் சிரிக்கட்டும். அத்தனை பேர் நடுவில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பாக நினைத்துவிட்டேன்டா என்று நான் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். கேட்க வைடா, அருள். என்னை எப்படியாவது கேட்க வை.

அம்மா